இரைச்சலை இரைச்சலால் அடக்கிய கதை

இசையின் வரலாற்றை எழுதுபவர்கள் பாடியவர்களைப் பற்றியும் வாத்தியங்களை இசைத்தவர்களைப் பற்றியும் எழுதுவார்கள். வாத்தியத்தை வடிவமைத்தவரின் பெயர் எப்போதாவது ஓர் அடிக்குறிப்பில் இடம்பெறும். ஆனால், வாத்தியத்திலிருந்து வேண்டாத இரைச்சலை அகற்றியவரின் பெயரை எங்கும் காண்பது அரிது. இருபதாம் நூற்றாண்டின் இசையைப் பெருமளவில் மாற்றிய வாத்தியம் எதுவென்று கேட்டால், மின்கிற்றார் என்றே பலரும் பதில் கூறுவர். அது பிறந்த நாளிலிருந்தே ஒரு குறையும் அதனுடன் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்குறையை நீக்க நடந்த முயற்சிகளின் வரலாறு, ஒரு கண்டுபிடிப்பின் பெருமை இறுதியில் யாருக்குப் போய்ச் சேர்கின்றது என்ற பழைய கேள்வியையும் எம்முன் வைக்கின்றது.

பிறவிக் குறை

1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் நடுவே கிற்றாரின் ஓசை எடுபடவில்லை. அதன் ஓசையை மின்சாரத்தின் துணையுடன் பெருக்க வேண்டும் என்று பலர் முயன்றனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜோர்ஜ் பீச்சம் என்பவரும் அடோல்ப் றிக்கன்பேக்கரும் இணைந்து 1932 இல் சந்தைக்குக் கொண்டுவந்த மின்கிற்றாரே வர்த்தக ரீதியில் வெற்றி கண்ட முதலாவது முயற்சியாகக் கருதப்படுகின்றது. அதன் வட்ட வடிவத்தைப் பார்த்தவர்கள் அதற்குப் பொரிக்கும் தாச்சி என்று பட்டப்பெயர் சூட்டினர். பீச்சத்துக்கு 1937 இல் காப்புரிமை கிடைத்தது.

அக்கிற்றாரில் உருக்குத் தந்திகளுக்கு அருகே காந்தமும் கம்பிச் சுருளும் பொருத்தப்பட்டிருந்தன. காந்தம் தந்தியையும் காந்தமாக்குகின்றது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறுகின்றது. அந்த மாற்றம் சுருளில் சிறியதொரு மின்சாரத்தைத் தூண்டுகின்றது. அதனை அம்பிளிபயர் பெருக்கித் தருகின்றது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இந்த உறுப்பைத்தான் பிக்கப் என்கின்றனர்.

ஆனால், கம்பிச் சுருளுக்குத் தந்தி எது, மற்றவை எவை என்று பிரித்தறியத் தெரியாது. மயிரிழை போன்ற மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான தடவை சுற்றப்பட்ட சுருள் ஒன்று, தன்னைச் சூழவுள்ள எல்லா மாறும் காந்தப்புலங்களுக்கும் இணங்கும். சுவரினுள் ஓடும் மின்கம்பி, அம்பிளிபயரில் உள்ள நிலைமாற்றி, மேடை விளக்குகள் ஆகியவை யாவும் அதற்குத் தந்திகளைப் போன்றவையே. விளைவு, இசை நின்ற பின்னரும் ஓயாத ஒரு தாழ்ந்த ரீங்காரம்.

அந்த ரீங்காரத்தின் சுருதியை நாட்டின் மின்விநியோகமே தீர்மானிக்கின்றது. இலங்கை, இந்தியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் மின்னோட்டம் வினாடிக்கு 50 தடவை அலைகின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 தடவை. ஒரே கிற்றாரில் ஒரே பாடலை யாழ்ப்பாணத்தில் வாசித்தாலும் ரொறன்ரோவில் வாசித்தாலும், பின்னணியில் கேட்கும் ரீங்காரம் மாத்திரம் வேறு சுருதியில் இருக்கும்.

அக்காலக் கலைஞர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது. இரைச்சல் குறையும் திசையைத் தேடி, கிற்றாருடன் தாமும் சற்றுத் திரும்பி நின்றனர். சுருள் காந்தப்புலத்துக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அமையும்போது இரைச்சல் குறையும் என்பதால் இது ஓரளவு பயனளித்தது. ஆனால், பாட்டு முழுவதும் ஒரே திசையை நோக்கி நிற்பது எவருக்கும் இயலாத காரியம்.

முன்னரே தெரிந்திருந்த தத்துவம்

இரைச்சலைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வேலி போடுவது. செப்புத் தகட்டினால் கிற்றாரின் உட்புறத்தை மூடினால் மின்புலத்தால் வரும் கரகரப்பு குறையும். ஆனால், தாழ்ந்த மீடிறன் கொண்ட காந்தப்புலத்தை மெல்லிய செப்புத் தகடு தடுத்துவிடாது. இரண்டாவது வழி, இரைச்சலை வேண்டுமென்றே இரண்டு தடவை வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்துவது.

இந்த இரண்டாவது வழியின் மூலத்தைத் தேடினால் தொலைபேசியின் ஆரம்ப நாட்களுக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. தொலைபேசிக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதை அலெக்சாண்டர் கிரகம் பெல் உணர்ந்திருந்தார். அதற்கு 1881 இல் காப்புரிமையும் பெற்றார். 1934 இல் எலெக்ரோ வொய்ஸ் நிறுவனத்தின் அல் கான், ஒலிவாங்கிகளுக்கு இரைச்சல் நீக்கும் சுருளொன்றை உருவாக்கினார்.

இசைக்கருவிகளுக்கும் இது புதியதன்று. ஆர்னல்ட் லெஸ்டி என்பவருக்கு 1936 இலும், போல்ட்வின் பியானோ நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்மண்ட் நொப்லோ என்பவருக்கு 1938 இலும் இத்தகைய பிக்கப்புகளுக்குக் காப்புரிமைகள் வழங்கப்பட்டிருந்தன. நொப்லோ ஒரு சுருளின் மேல் இன்னொரு சுருளை அடுக்கும் முறையைக் கையாண்டார். ஆனால், மின்கிற்றாருக்கு அன்று பெரிய சந்தை இருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் போரும் வந்தது. இருவரது பெயர்களும் காப்புரிமை அலுவலகக் கோப்புகளிலேயே தங்கிவிட்டன.

கலமசூவின் ஊழியர்

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனத்தின் கிற்றார் தொழிற்சாலை இருந்தது. அதே நகரில் 1910 இல் பிறந்த சேத் லவர், வானொலித் திருத்துநராகத் தொழில் பழகி, கடற்படையிலும் பணியாற்றியவர். 1952 இல் அவர் மீண்டும் கிப்சனில் சேர்ந்தார். அப்போது அந்நிறுவனத்தின் கிற்றார்களில் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப் பயன்பாட்டில் இருந்தது. அதன் ஓசை கனதியானது. அதன் இரைச்சலும் அவ்வாறே. நிறுவனத்தின் தலைவராக இருந்த ரெட் மக்கார்ட்டி இரைச்சலற்ற பிக்கப் ஒன்றை விரும்பினார்.

அம்பிளிபயர்களையும் வடிவமைத்து வந்த லவருக்கு, அவற்றில் இரைச்சல் நீக்கும் சுருள்களைப் பயன்படுத்திய அனுபவம் இருந்தது. அதே தத்துவத்தை அவர் கிற்றாருக்கு எடுத்து வந்தார். பக்கம் பக்கமாக இரண்டு சுருள்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5,000 சுற்றுகள். இரண்டுக்கும் அடியில் ஒரே ஒரு சட்டக் காந்தம். அதன் வடமுனை ஒரு சுருளின் பக்கமும் தென்முனை மற்றச் சுருளின் பக்கமும் அமைந்தன. இரண்டு சுருள்களும் எதிரெதிராக இணைக்கப்பட்டன.

இதன் சூட்சுமம் பாடசாலைக் கணக்கைப் போன்றது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குச் சுருளின் திசை மட்டுமே பொருட்டு. எனவே ஒரு சுருளில் அது கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் வந்து பூச்சியமாகிவிடுகின்றது. தந்தியின் ஓசைக்கோ சுருளின் திசையும் காந்த முனையும் ஆகிய இரண்டும் பொருட்டு. இரண்டாவது சுருளில் இரண்டுமே தலைகீழாக இருப்பதால், கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வருவது போல, தந்தியின் ஓசை முதற் சுருளின் ஓசையுடன் சேர்ந்து வலுப்பெறுகின்றது. இரைச்சல் அழிய, இசை மிஞ்சுகின்றது. இதற்கு ஹம்பக்கர் என்று பெயர் வந்தது. ரீங்காரத்தை எதிர்த்து நிற்பது என்பதே அதன் பொருள்.

காத்திருந்த காப்புரிமை

1955 ஜூன் 22 ஆம் திகதி லவரின் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1957 முதல் லெஸ் போல் கிற்றார்களில் இந்தப் பிக்கப் பொருத்தப்பட்டது. அதன் அடிப்பகுதியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்ற சிறியதொரு ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது.

இதற்கிடையில், இலினோய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் ரே பட்ஸ் என்பவர் அதே கேள்விக்குத் தனியாக விடை தேடிக்கொண்டிருந்தார். பிரபல கிற்றார் கலைஞர் செற் அற்கின்ஸ் தமது பிக்கப்பின் இரைச்சலைப் பற்றி அவரிடம் முறையிட்டிருந்தார். பட்ஸ் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப், பில்டர்ட்ரோன் என்ற பெயரில் கிரெச் நிறுவனத்தின் கிற்றார்களில் 1957 இல் அறிமுகமானது. பட்ஸ் 1957 ஜனவரியில் விண்ணப்பித்தார். லவர் விண்ணப்பித்து ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின்னர்! ஆனால், காப்புரிமை முதலில் கிடைத்தது பட்ஸுக்கே. அவருக்கு 1959 ஜூன் 30 ஆம் திகதியும் லவருக்கு ஜூலை 28 ஆம் திகதியும் வழங்கப்பட்டன.

லவரின் காப்புரிமை இலக்கம் 2,896,491. கிப்சன் நிறுவனமோ பல ஆண்டுகளாக அந்த இலக்கத்தைப் பிக்கப்பில் அச்சிடவில்லை. விண்ணப்ப ஒட்டுத்தாள் 1960களின் ஆரம்பம் வரை தொடர்ந்தது. அதன் பின்னர் வந்த ஒட்டுத்தாளில் 2,737,842 என்ற இலக்கம் காணப்பட்டது. அது தந்திகளைப் பிணைக்கும் உலோகத் தாங்கி ஒன்றுக்காக லெஸ் போல் பெற்ற வேறொரு காப்புரிமையின் இலக்கமாகும். போட்டியாளர்கள் வடிவமைப்பைத் தேடிப் பிரதி செய்யாதிருக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்று பரவலாகக் கூறப்படுகின்றது. காரணம் எதுவாயினும், கண்டுபிடித்தவரின் ஆவணத்தை அவரது கண்டுபிடிப்பிலிருந்தே தேடி அறிய முடியாமற் போயிற்று.

இரைச்சலோடு போனவை

இரைச்சலை நீக்கியதற்கு ஒரு விலையும் இருந்தது. இரண்டு சுருள்களும் தந்தியை இரண்டு இடங்களில் கேட்கின்றன. அதனால் சில உயர்ந்த மீடிறன்களும் இரைச்சலைப் போலவே ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தொடராக இணைந்த சுருள்கள் உச்ச ஓசைகளை மேலும் மழுங்கச் செய்கின்றன. ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற தெளிவு குறைந்து, தடித்த ஓசை பிறக்கின்றது. இரைச்சலைச் சகித்துக்கொண்டு ஃபென்டர் நிறுவனத்தின் ஒற்றைச் சுருள் கிற்றார்களை இன்றும் பலர் விரும்புவது இந்தத் தெளிவுக்காகவே. அதே நிறுவனம் 1957 இல் தனது பிரிசிஷன் பேஸ் கிற்றாரில் சுருளை இரண்டாகப் பிளந்து, இரண்டு தந்திகளுக்கு ஒரு பாதி என வைத்து, தெளிவை இழக்காமல் இரைச்சலை நீக்கியது குறிப்பிடத்தக்கது.

லவர் எதிர்பாராத விளைவு ஒன்றும் நேர்ந்தது. ஹம்பக்கர் அனுப்பும் வலுவான மின்சாரம், வால்வு அம்பிளிபயரை அதன் எல்லையைத் தாண்டித் தள்ளக்கூடியது. 1966 இல் வெளியான ஜோன் மயோலின் இசைத்தட்டில் எரிக் கிளப்டன் லெஸ் போல் கிற்றாரை மார்ஷல் அம்பிளிபயருடன் இணைத்து வாசித்த ஓசை, ஒரு தலைமுறைக்கே முன்னுதாரணமாயிற்று. சுத்தமான ஓசைக்காகப் பிறந்த கருவி, கட்டுக்கடங்காத ஓசையின் கருவியாக மாறியது. விற்பனை குறைந்து கைவிடப்பட்டிருந்த அவ்வகைக் கிற்றாரை 1968 இல் கிப்சன் மீண்டும் தயாரிக்க ஆரம்பித்தது.

லவர் அவ்வேளையில் அங்கு இல்லை. 1967 இல் அவர் போட்டி நிறுவனமான ஃபென்டருக்குச் சென்று, அங்கும் ஒரு ஹம்பக்கரை வடிவமைத்தார். 1997 இல் அவர் காலமானார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், செய்மர் டங்கன் நிறுவனம் அவரது துணையுடன் பழைய வடிவமைப்பை மீளுருவாக்கி, அதற்குச் சேத் லவர் என்றே பெயரிட்டது. 1955 இல் செய்த வேலையின் மீது அவரது பெயர் பொறிக்கப்பட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றிருந்தன.

இன்று 1950களின் ஒட்டுத்தாளைத் தாங்கிய பிக்கப் ஒன்று ஆயிரக்கணக்கான டொலர்களுக்கு விலைபோகின்றது. அப்பணம் லவருக்கோ அவருக்கு முன்னரே காப்புரிமை பெற்ற லெஸ்டிக்கும் நொப்லோவுக்குமோ உரியதன்று. ஆகையால் ஹம்பக்கரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ஒரே பெயரைப் பதிலாகக் கூறுவது நியாயமாகாது. தத்துவத்தை அறிந்தவர்கள் பலர். அதனைப் பிக்கப்பில் முதலில் பதிவு செய்தவர்கள் வேறு சிலர். கலைஞர்களின் கைகளுக்கு எட்டச் செய்தவர்கள் லவரும் பட்ஸும். வெற்றி பெற்ற பொருளில் யாருடைய பெயர் இருக்கின்றது என்பதை மாத்திரம் பார்த்து வரலாறு எழுதினால், இவர்களுள் ஒருவர்கூட அதில் இடம்பெறமாட்டார். பாடல் முடிந்து அடுத்த பாடல் ஆரம்பிக்கும் வரை மேடையில் நிலவும் அமைதிக்கும் உழைத்தவர்கள் இருக்கின்றார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.