கதிர் உண்டு, மணி இல்லை!

வேர் கீழே செல்கிறது. தண்டு மேலே எழுகிறது. விதையைக் குப்புறப் போட்டாலும், மல்லாத்திப் போட்டாலும், பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. உழுதவன் கண்டான், ஏட்டை எழுதியவனும் கண்டான். 'ஏன்?' என்று கேட்டபோது நமக்குக் கிடைத்த விடை யாது? 'அவன் விதித்தபடி' என்பதுதான்! விடையைப் போலத் தோன்றி, வினாவின் வாயை அடைக்கும் சொல் அது. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நிலைமை மேலானதாக இருந்துவிடவில்லை. வேர் ஈரத்தைத் தேடுகிறது என்றனர் சிலர். இருளை நாடுகிறது என்றனர் வேறு சிலர். சொன்னார்களேயன்றிச் சோதித்தவர் அரியர்.

சோதித்தவர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்னும் ஆங்கிலேயர். தோட்டக்கலையில் தோய்ந்தவர். ஆண்டு 1806. தம் தோட்டத்து ஓடைநீரின் விசையால் சுழலும் சக்கரம் ஒன்றைச் செய்தார்; அதன் விளிம்பில் அவரை இனத்து விதைகளைக் கட்டினார்; நிமிடத்திற்கு 150 முறை சுழலவிட்டார். செங்குத்தாகச் சுழலும் சக்கரத்தில் 'கீழ்' என்று நிலையான திசை ஏது? கணத்துக்குக் கணம் மாறும். ஆகவே புவியீர்ப்பின் பிடி தளர்ந்தது. சுழற்சியின் விசை மட்டும் எஞ்சியது. முளைத்த வேர்கள் அனைத்தும் வெளிப்புறம் நோக்கி ஓடின! தண்டுகளோ சக்கரத்தின் நடுவை நோக்கித் திரும்பின! பின்னர் சக்கரத்தைக் கிடையாக வைத்தார். 250 சுற்று வேகத்தில் வேர், கிடைமட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 10 பாகை மட்டுமே சாய்ந்தது. 80 சுற்றாகக் குறைத்தார். 45 பாகை சாய்ந்தது. இரு விசைகள் இழுத்தன. வேர் இரண்டுக்கும் இடையே வழி கண்டது. விதித்தவன் விதித்த விதியை ஓடைநீரும் மரச்சக்கரமும் மாற்றிவிட்டன என்றால், அது விதியா, விசையா?

அந்த விசையை வேர் எப்படி அறிகிறது? 1872-ல் சீசெல்ஸ்கி என்னும் போலந்து அறிஞர், வேரின் நுனியை வெட்டிவிட்டால் அது வளைவதில்லை எனக் கண்டார். 1880-ல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் அதையே விரிவாக ஆய்ந்து, வேரின் நுனியே உணர்கிறது, வளைவதோ சற்று மேலே உள்ள பகுதி என்று எழுதினர். ஜெர்மனியின் பெரும் பேராசிரியர் சாக்ஸ் சீறினார். நாட்டுப்புற வீட்டிலே பழகாத கைகள் செய்த அரைகுறைச் சோதனை என்பது அவர் கருத்து. பேராசிரியர்களிடமும் பீடத்தின் மிடுக்கு உண்டு என்பதை மறவோம்! ஆனால் அங்கே பீடம் வெல்லவில்லை. 1900-ல் ஹாபர்லாண்ட், நேமெக் என்னும் இருவர் தனித்தனியே ஒரு கருத்தை வெளியிட்டனர்: செல்லினுள் கனமான மாவுமணிகள் அடியில் படிகின்றன, அந்தப் படிவே செடிக்குத் திசைகாட்டி. வேர்மூடியில் உள்ள அம்மணிகளைப் பிற்கால ஆய்வுகளும் உறுதி செய்தன.

மனிதன் 1961-ல் விண்ணேறினான். மாவுமணி படியவே முடியாத இடம் கிடைத்தது. அங்கே செடி முளைக்குமா, பூக்குமா, காய்க்குமா?

1982-ல் சோவியத் நாட்டின் சல்யூட்-7 நிலையத்தில், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறுசெடி பூத்து விதையும் ஈன்றது. விண்வெளியில் இதுவே முதன்முறை. ஆயினும் ஐயம் தீரவில்லை. 1993 ஜனவரியில் அமெரிக்க விண்ணோடத்தில் சென்ற அதே செடி பூத்தது. ஆனால் மகரந்தம் பயனற்றுப் போயிற்று. புவியீர்ப்பு இன்றேல் இனப்பெருக்கம் இல்லை என்று முடிவு கட்டியிருக்கலாம். கட்டவில்லை! அதே ஆண்டின் இரண்டாம் பயணத்தில் கரியமிலவாயுவைக் கூட்டினர். மகரந்தம் நன்றாக அமைந்தது, ஆனால் பை திறந்து உதிரவில்லை. 1994-ல் செடியைச் சுற்றிக் காற்றை ஓடவிட்டனர். விதைகள் உருவாகத் தொடங்கின. மண்ணுலகில் வெம்மையுற்ற காற்று இலேசாகி மேலெழுகிறது, புதுக்காற்று வந்து நிரம்புகிறது. எடையற்ற இடத்தில் அது நடவாது. அசையாக் காற்றே செடியைப் போர்த்தியிருக்கும். செடி தன் மூச்சுக்குள்ளேயே திணறும்.

1996-ல் ரஷ்யரின் மீர் நிலையத்தில் குட்டைக் கோதுமை வளர்ந்தது. கதிர்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. உரித்துப் பார்த்தால் ஒரு மணியும் இல்லை! அத்தனையும் மலடு.

நம் நாட்டில் மலடு என்றால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவர். முற்பிறவிப் பாவம் என்பான் ஒருவன். நாகதோஷம் என்பான் மற்றொருவன். அரசமரத்தைச் சுற்று என்பாள் பாட்டி. மாப்பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று எவரும் நினையார். சுபகாரியத்தில் அவளை ஒதுக்கி வைப்பதை மட்டும் மறவார். குற்றவாளியை முதலில் தீர்மானித்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடும் முறை இது.

கோதுமையை ஆய்ந்தவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கோதுமையைக் குறை சொல்லவுமில்லை, எடையின்மை மீது பழியைப் போட்டு ஒதுங்கவுமில்லை. நிலையத்தின் காற்றை அளந்தனர். அதில் எத்திலீன் வாயு இருந்தது. பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு! காயைப் பழுக்கவைக்கும் அதே வாயு. அந்த அளவு எத்திலீனைத் தரையிலேயே அந்தக் கோதுமைக்குக் கொடுத்துப் பார்த்தனர். பூமியிலும் கதிர் மலடாயிற்று! குற்றம் கதிரிலும் இல்லை, விண்ணிலும் இல்லை. அடைபட்ட அறையின் காற்றில் இருந்தது. 1998-99-ல் எத்திலீனைத் தாங்கும் வேறு கோதுமை வகையை அதே மீரில் விதைத்தனர். மணி பிடித்தது.

இடையே 1997-ல் நடந்ததையும் சொல்லவேண்டும். அமெரிக்க விண்வெளி வீரர் மைக்கேல் ஃபோல் மீரில் கடுகு இனச் செடிகளை வளர்த்தார். வண்டு இல்லாத இடம். அவரே தம் கையால் மகரந்தம் சேர்த்தார். ஜூன் 25 அன்று சரக்குக்கலம் ஒன்று நிலையத்தின் மீது மோதியது. காற்று கசிந்தது, மின்சாரம் குன்றியது. அந்த நெருக்கடியையும் கடந்து செடிகள் விதை தந்தன. அங்கே விளைந்த விதையை அங்கேயே ஊன்ற, அதுவும் முளைத்துப் பூத்தது. ஆனால் விதைகள் சிறுத்திருந்தன. புரதமும் எண்ணெயும் நிறைய வேண்டிய இடத்தில் மாவுப்பொருள் மிகுந்திருந்தது. எடையின்மையால் தடையே இல்லை என்று துள்ளிக் குதிப்பாரும் இதைக் கவனிக்க வேண்டும். தலைமுறை தொடரும், தரம் குன்றும்.

2019 ஜனவரியில் சீனரின் கலம் நிலவில் பருத்தி விதையை முளைக்க வைத்தது. நிலவின் இரவு வந்ததும் குளிரில் அது மடிந்தது. இராகு விழுங்கவில்லை!

நம் நாட்டிலும் தொடக்கம் நிகழ்ந்துள்ளது. நவக்கிரகங்களுக்கு நவதானியம் பரப்பி நிற்கும் இந்த நாட்டிலிருந்தே, 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எழுந்த பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவுகலம் எட்டுக் காராமணி விதைகளைச் சுமந்து சென்றது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் அமைத்த சிறு பெட்டி அது; படம் எடுக்கும் கருவி, வாயுவை அளக்கும் கருவி, ஈரத்தை அறியும் கருவி எல்லாம் உள்ளே. நான்கு நாட்களில் முளைத்தது. பின்னர் இலையும் விரிந்தது. இரண்டிலைப் பருவம் வரை பார்ப்பதே அச்சோதனையின் எல்லை. பூவும் காயும் இனி அடுத்த பெட்டிகளின் வேலை.