கண்ணாடி இழைப் படகு

வடசென்னையில் ‘பைபர் போட்’ எனப்படுவது. காசிமேடு முதல் எண்ணூர் வரை சிறுதொழில் மீனவர்கள் பயன்படுத்தும் படகு. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் பெருமளவில் வழங்கப்பட்டு, கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தது. கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, பாலியெஸ்டர் ரெசின் தோய்த்து, அடுக்கடுக்காக இறுக்கிச் செய்வார்கள்.

உப்புநீரில் துருப்பிடிக்காது, மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் அண்டாது. அதற்காகக் கண்ணாடியை நீர் ஒன்றும் செய்யாது என்று நம்புவது தவறு. ஜெல்கோட் எனும் மேற்பூச்சு கீறினால், இழைக்கும் ரெசினுக்கும் இடையே ஈரம் ஊர்ந்து பிணைப்பைத் தளர்த்தும். நாளடைவில் அடிப்புறம் கொப்புளிக்கும். ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் உரசினால் கீறலுக்குக் கேட்கவே வேண்டாம். வெயில் ரெசினை வெளுத்து மாவாக்கும். வெளித்தெரியும் இழை தோலில் ஏறி அரிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகுகளில் கரும்பிசுக்கு அப்பியது. எண்ணெய் கண்ணாடியைக் கரைக்காது. பிசுக்கைச் சுரண்டி எடுப்பதே மேற்பூச்சுக்கு ஆபத்து.

விரிசலைத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, புதுப் பாய் ஒட்டிச் சரிசெய்யலாம். உலராமல் ஒட்டினால் பெயர்ந்துவிடும். காலாவதியான படகு மக்காது, உருக்கவும் முடியாது.