கன்னி வேட்டையும் காப்பு நெறியும்: கொல்கத்தா வேட்டை வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

வேட்டைத் தொழிலில் முதன்முறையாக இறங்குபவன் இருவகை அறிவைப் பெற வேண்டியவனாகிறான். விலங்கை வீழ்த்தும் அறிவு ஒன்று. தன்னையும் உடன் வந்தோரையும் காக்கும் அறிவு மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பேசும் நூல்கள் பல. பின்னது எங்கு, யாரால், எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பது மிகுதியாக ஆராயப்படவில்லை.

தமிழிலக்கியத்தில் இதற்கு நல்லதொரு சான்று பெரியபுராணத்தில் உள்ளது. உடுப்பூர் நாகனின் மகன் திண்ணனார் வில்லைக் கைப்பிடிப்பது ஒரு விழாவாகவே நடைபெறுகிறது. பயிற்சி முடிந்த பின்னரும் அவர் உடனே காட்டுக்கு அனுப்பப்படவில்லை. தந்தை முதுமையுற்றுத் தலைமையை ஒப்படைக்க, தேவராட்டி வாழ்த்த, அதன்பின்னரே கன்னி வேட்டை நிகழ்கிறது. அவ்வேட்டையில் யானைக் கன்றுகளையும் பிற விலங்கின் குட்டிகளையும் கருவுற்றவற்றையும் வேடர் கொல்லாது விட்டனர் என்று சேக்கிழார் பாடுகிறார். குரு, சடங்கு, கூட்டம், விலக்கு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த கல்வி அது.

துப்பாக்கி வந்த பின்னர் இக்கல்வி என்னவாயிற்று என்பதை அறியக் கொல்கத்தா நகரம் தக்க களமாகும். ஆங்கிலேய இந்தியாவின் தலைநகராக 1911 வரை திகழ்ந்த அந்நகரம், துப்பாக்கி விற்பனைக்கும் வேட்டைக்காரர் கூட்டத்திற்கும் நடுவிடமாக இருந்தது. அங்கே காப்பு நெறி எவ்வாறு உருவானது, யாரைக் காத்தது, யாரைக் காக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாகர்த் தீவு தந்த பாடம்

கொல்கத்தாவிற்குத் தெற்கே, ஹூக்ளி ஆறு கடலொடு கலக்குமிடத்தில் சாகர்த் தீவு உள்ளது. 1792 டிசம்பரில் கப்பலிலிருந்து ஒரு சிறு குழு மான் வேட்டைக்காக அத்தீவில் இறங்கியது. அக்குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் சர் ஹெக்டர் மன்றோவின் மகன். 1780இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபோது உதவிக்குச் செல்லாது, காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கிய தளபதி என்று தமிழக வரலாறு அறிந்தவர் அவரே.

அன்று நிகழ்ந்ததை உடனிருந்தவர் எழுதிய கடிதம் மறு ஆண்டே இங்கிலாந்தில் அச்சாயிற்று. மான்களின் தடங்களோடு புலித்தடங்களையும் அவர்கள் கண்டிருக்கின்றனர். எனினும் வேட்டை தொடர்ந்தது. பிற்பகல் மூன்றரை மணியளவில் காட்டின் விளிம்பிலேயே உணவுண்ண அமர்ந்தனர். புலியை அகற்ற முழுமரங்களை அடுக்கிப் பெருந்தீ மூட்டியிருந்தனர். அருகில் மான் நிற்கிறது என்று சொல்லப்பட்டதும் இருவர் துப்பாக்கியை எடுக்க எழுந்தனர். அந்நொடியில் புலி பாய்ந்து, அமர்ந்திருந்த மன்றோவைத் தலையைக் கவ்வி இழுத்துச் சென்றது. தோழர்கள் சுட்டனர், புலி விட்டு நீங்கியது. ஆயினும் அவ்விளைஞர் ஒரு நாளுக்குள் இறந்தார்.

இந்நிகழ்ச்சியில் பிழைகள் வெளிப்படையானவை. புலித்தடத்தைக் கண்டும் இடம் மாறவில்லை. பார்வை செல்லாத புதரை ஒட்டி அமர்ந்தனர். படைக்கலம் கையில் இல்லை. காவலுக்கு ஒருவரை நிறுத்தவில்லை. தீயைக் காவலாக நம்பினர். இப்பிழைகளைத் திருப்பி எழுதினால், வேட்டைக்குப் புதியவர் கற்க வேண்டிய முதல் ஐந்து விதிகள் கிடைத்துவிடும். விபத்தே இங்கு ஆசிரியனாக அமைந்தது எனலாம். திப்பு சுல்தானின் புகழ்பெற்ற மரப்புலிப் பொம்மையை இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட அது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கடிதத்தில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. மான் நிற்பதைக் கண்டு சொன்னவர்களுள் ஒருவர் அக்குழுவின் பணியாளர். துரைமார்களின் பெயர்கள் கடிதத்தில் இருக்க, அவர் நிறத்தால் மட்டுமே சுட்டப்படுகிறார். இப்பெயரின்மை பின்வந்த வேட்டை நூல்களிலும் தொடர்வதைக் காணலாம்.

கருவியும் அதன் ஆபத்தும்

மன்றோ காலத்துத் துப்பாக்கி குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கப்படுவது. மருந்து, அடைப்பு, குண்டு என்று வரிசையாக இட்டுக் கோலால் இடிக்க வேண்டும். வங்காளத்து ஈரக்காற்றில் மருந்து நனைந்து, விசையை இழுத்தும் வெடிக்காது போவதுண்டு. சற்றுத் தாமதித்து வெடிப்பதும் உண்டு. வெடிக்காத துப்பாக்கியை உடனே முகத்தருகே திருப்பிப் பார்ப்பவன் உயிரிழக்க நேரும். முதலில் இட்ட மருந்தை மறந்து மீண்டும் கெட்டித்தால் குழலே பிளக்கும். ஜிம் கார்பெட் சிறுவயதில் பெற்ற முதல் துப்பாக்கியே ஒரு குழல் பிளந்ததுதான் என்று அவரே 'ஜங்கிள் லோர்' நூலில் பதிவு செய்துள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவின. 1825 முதல் கொல்கத்தாவில் இயங்கிய மாண்டன் நிறுவனமும், பின்னர் ராடா நிறுவனமும் அவற்றை விற்றன. மருந்து கெட்டிக்கும் ஆபத்து குறைந்தது. ஆனால் புதிய ஆபத்து ஒன்று தோன்றியது. தோட்டாவை இடுவது எளிதானமையால் எந்நேரமும் இட்டபடியே துப்பாக்கியைத் தூக்கித் திரியும் வழக்கம் ஏற்பட்டது. எனவே 'தோட்டா இருப்பதாகவே கருதிக் கையாளுக' என்பது தலையாய விதியாயிற்று.

நீர்நிலையும் பரணும்

கொல்கத்தாவில் வேட்டை கற்போர்க்கு முதற்பள்ளி காடன்று; நீர்நிலையே. நகரின் கிழக்கே பரந்திருந்த உப்பேரிகளும் அவற்றை அடுத்த வயல்களும் குளிர்காலத்தில் உள்ளான் பறவைகளின் இருப்பிடமாக விளங்கின. உள்ளான் வேட்டையில் பலர் ஒரே வரிசையில் நடப்பர். திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறக்கும் அப்பறவையைப் பின்தொடர்ந்து குழலைச் சுழற்றினால், பக்கத்தில் நடப்பவர்மேல் ரவை படும். ஆகவே வரிசை பிறழாமை, குழலை வரிசைக்குக் குறுக்கே திருப்பாமை, வழுக்கும் வரப்பைக் கடக்கும்போது தோட்டாவை நீக்குதல், பறவைக்கு அப்பால் யார் உளர் என்று பார்த்தே சுடுதல் ஆகியவை இங்குக் கற்பிக்கப்பட்டன. இப்பாடங்கள் அனைத்தும் பிறர் உயிரைக் குறித்தவை என்பது நோக்கத்தக்கது.

அடுத்த நிலை பரண். பரணில் ஏறுமுன் தோட்டாவை நீக்கித் துப்பாக்கியைக் கயிற்றால் மேலேற்ற வேண்டும். காடு கலைப்போர் வரிசை நெருங்கிய பின்னர் அவர்கள் வரும் திசையில் சுடலாகாது. சுடப்பட்ட புலி விழுந்துவிட்டதாகத் தோன்றினும் உடனே இறங்கலாகாது. காயமுற்ற புலியைப் புதருக்குள் கால்நடையாகத் தொடர்வதே வேட்டையில் மிகக் கொடிய ஆபத்து என்பதில் வேட்டை நூலார் ஒருமித்த கருத்துடையவர். அத்தகைய புலியின் இருப்பிடம் அறிய எருமைக் கூட்டத்தை முன்னே ஓட்டும் வழக்கமும் இருந்தது.

இவ்வறிவை நூலாக்கிய வங்காளியருள் குமுதநாத் சௌதுரி குறிப்பிடத்தக்கவர். கொல்கத்தா வழக்கறிஞரான இவர், நீதிபதி ஆசுதோஷ் சௌதுரி, எழுத்தாளர் பிரமத சௌதுரி ஆகியோரின் உடன்பிறந்தவர். 1918இல் வெளிவந்த 'ஸ்போர்ட் இன் ஜீல் அண்ட் ஜங்கிள்' என்னும் இவரது ஆங்கில நூலின் தலைப்பே நீர்நிலை, காடு என்ற இருநிலைகளையும் காட்டுகிறது. பிறர்க்கு வேட்டையை எடுத்துரைத்த இவர், 1930களில் ஒடிசாவின் கலாஹண்டிக் காட்டில் புலியால் கொல்லப்பட்டார். பல்லாண்டுப் பட்டறிவும் நூலறிவும் ஒருவரை முற்றிலும் காத்துவிடுவதில்லை என்பதற்கு இவர் முடிவே சான்றாகிறது.

காக்கப்படாதோர்

இவ்விதிகளைக் கைக்கொள்ள வேண்டியவன் துப்பாக்கி ஏந்தியவன். அவன் தவறினால் துன்புறுபவர் பெரும்பாலும் துப்பாக்கி இல்லாதவர். காடு கலைப்போர் கையில் கோலும் பறையும் தகரமுமே இருந்தன. புலி திரும்பிப் பாய்ந்தாலும், குறி தவறிய குண்டு வந்தாலும் அவர்களுக்குப் பரணும் இல்லை, அம்பாரியும் இல்லை. விதிகளைக் கற்கும் வாய்ப்பு பரணில் இருந்தவர்க்கு. அவ்விதிகளை நம்பி நடக்கும் கட்டாயம் கீழே இருந்தவர்க்கு.

வேட்டை நூல்கள் விலங்குகளைத் துல்லியமாக எண்ணின. கூச்பிகார் மன்னர் நிருபேந்திர நாராயணர் 1908இல் வெளியிட்ட நூலின்படி 37 ஆண்டுகளில் வீழ்த்தப்பட்டவற்றுள் புலிகள் 365, காண்டாமிருகங்கள் 207. காண்டாமிருகத்தைக் காக்க வங்காளத்தில் 1932இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. திண்ணனாரின் கன்னி வேட்டையில் காணப்பட்ட விலக்கு, எண்ணிக்கையைப் பெருமையாகக் கருதிய இவ்வேட்டையில் இடம்பெறவில்லை. காடு கலைப்போரில் இறந்தோர் பெயர்களோ இத்தகைய நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றன.

சட்டம் கேட்ட கேள்வி

அரசு இதில் என்ன செய்தது என்னும் வினா எழுகிறது. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. துப்பாக்கியைக் கையாளத் தெரியுமா என்பது அங்குக் கேள்வியன்று. கேட்பவன் யார் என்பதே கேள்வி. 1914 ஆகஸ்ட் 26 அன்று கொல்கத்தாப் புரட்சியாளர்கள் ராடா நிறுவனத்திற்கு வந்த சரக்கில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் ஏறத்தாழ 46,000 தோட்டாக்களையும் கவர்ந்தனர். இதன்பின் அரசின் கவலை மேலும் மிகுந்தது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு ஆட்சியின் பாதுகாப்பு என்பதே பொருளாக இருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இனவேறுபாட்டை நீக்கியது. எனினும் பயிற்சியை உரிமத்திற்கு முன்நிபந்தனையாக்கவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1949இலேயே இளம் வேட்டைக்காரர்க்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதை இதனோடு ஒப்பிடலாம். இந்தியாவில் உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளிலேயே இடம்பெற்றது. அதற்குள் வேட்டையே சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்த, 1991ஆம் ஆண்டின் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையே முடித்து வைத்தது. வேட்டை நடந்த காலத்தில் பாடம் கட்டாயமில்லை. பாடம் கட்டாயமானபோது வேட்டை இல்லை.

இன்றைய நிலை

இன்று கொல்கத்தாவில் துப்பாக்கி பழகத் தொடங்குபவர் எதிரே இருப்பது காகித இலக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் நான்காமிடம் பெற்ற ஜாய்தீப் கர்மாகர் இந்நகரத்தவர். சுடுகளத்தில் ஆணை வரும்வரை விசையில் விரல் படலாகாது; குழல் இலக்கின் திசையை விட்டு விலகலாகாது. உள்ளான் வேட்டையின் வரிசை ஒழுக்கம் இங்கே தூய வடிவில் எஞ்சியிருக்கிறது எனலாம்.

காட்டில் நிலை வேறு. மேற்கு வங்கத்தின் தென்மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் வேட்டைத் திருவிழாக்கள் நடந்துவந்துள்ளன. 2018 ஏப்ரல் 13 அன்று லால்கர் பகுதிக் காட்டில் ஒரு புலி வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டது. இத்திருவிழாக்களில் வனவிலங்கு கொல்லப்படுவதைத் தடுக்குமாறு கல்கத்தா உயர்நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. மரபுவழி வேட்டையில் ஒரு காலத்தில் இருந்திருக்கக்கூடிய விலக்குகளை மீட்டுரைப்பதும் இத்தடையோடு சேர்ந்து நடைபெற வேண்டிய பணியாகும்.

முடிவுரை

கொல்கத்தா வேட்டை வரலாற்றில் காப்பு நெறி விபத்திலிருந்து பிறந்து, வாய்மொழியாலும் நூலாலும் பரவியது. சட்டத்தின் ஆதரவைக் காலம் கடந்தே பெற்றது. அதனால் அது துப்பாக்கி ஏந்தியவரின் நற்பண்பைச் சார்ந்தே நின்றது. அப்பண்பு தவறியபோது அதன் விலையைக் கொடுத்தவர் பெயர் பதிவாகாத எளியவர். சாகர்த் தீவுக் கடிதத்தின் பெயரற்ற பணியாளர் முதல் காடு கலைப்போர் வரை இதனைக் காண முடிகிறது. எப்போது சுட வேண்டும் என்பதைவிட எப்போது சுடாதிருக்க வேண்டும் என்பதே கன்னி வேட்டைக்குச் செல்பவன் கற்க வேண்டிய முதற்பாடம் என்பது பெரியபுராணத்திலும் வங்காளத்து வயல்வரப்பிலும் ஒன்றாகவே அமைந்துள்ளமை இவ்வாய்வால் பெறப்படும் முடிபாகும்.