லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ

லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ, இத்தாலியின் பெர்டோனே நிறுவனம் 1970இல் உருவாக்கிய கான்செப்ட் கார். வடிவமைத்தவர் மார்ச்செல்லோ காந்தினி. லம்போர்கினி மியூராவுக்கு உருக் கொடுத்தவரும் அவரே. அவ்வாண்டு டுரின் கார் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது.

தரையிலிருந்து உச்சி வரை இதன் உயரம் 84 செ.மீ. அதே ஆண்டின் தொடக்கத்தில், போட்டி நிறுவனமான பினின்ஃபரினா ஜெனீவாவில் காட்டிய மொடுலோ என்ற கான்செப்ட் காரின் உயரமே 93.5 செ.மீ. தான். காந்தினி அதையும் விடத் தாழ்வாக இறங்கினார். வண்டியின் விசித்திரங்கள் பெரும்பாலும் இந்த ஓர் அளவிலிருந்தே பிறந்தவை. ஆள் இடுப்பைத் தொடாத வண்டிக்குப் பக்கவாட்டுக் கதவு ஒத்துவராது என்பதால் முன்கண்ணாடியே கதவாயிற்று. மூக்கின் மேலுள்ள கறுப்பு ரப்பர் விரிப்பில் கால் வைத்து ஏறி, தூக்கிய கண்ணாடிக்கு அடியில் நுழைய வேண்டும். இடைஞ்சலாக இராதபடி ஸ்டீயரிங் தண்டு முன்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். உள்ளே இருவர், ஏறக்குறையப் படுத்த நிலையில். முன்புறம் முழுவதும் கதவாகிவிட்டதால் வேகமானி முதலியவை ஓட்டுநரின் பக்கவாட்டுக்குப் போயின.

மழையில் கதவைத் திறந்தால் இருக்கை நனையும். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் வெளியேறும் வழியே அடைபடும். இவை சிறு குறைகள் அல்ல. ஆனால் இது வெறும் காட்சிப் பொம்மையும் அல்ல. லான்சியா ஃபுல்வியாவின் 1.6 லிட்டர் வி4 எஞ்சின் பின்னால் பொருத்தப்பட்ட, சாலையில் ஓடும் வண்டி.

கார் நிறுவனமான லான்சியாவின் வாடிக்கையைப் பெறுவதே பெர்டோனே நிறுவனத் தலைவர் நுச்சியோ பெர்டோனேயின் நோக்கம். கண்காட்சிக்குப் பின் லான்சியா அழைத்தபோது அவரே இதை ஓட்டிச் சென்றார். வாயிலின் தடுப்புக் கம்பத்தை உயர்த்தத் தேவையின்றி அதன் அடியிலேயே புகுந்து உள்ளே போனார். பலன் கிடைத்தது. ஃபெராரி டினோவின் வி6 எஞ்சினோடு உருவான ஸ்ட்ராடோஸ் ஹெச்எஃப் 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலக ராலி சாம்பியன் பட்டத்தை லான்சியாவுக்கு ஈட்டித் தந்தது. அந்த வண்டியையும் காந்தினிதான் வரைந்தார். இம்முறை உயரம் 1.11 மீட்டர், பக்கங்களில் வழக்கமான கதவுகள், அவற்றின் உட்புறத்தில் ஹெல்மெட் வைக்கும் அளவுக்குக் குழிவு.

மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக்கர் (1988) படத்தில் ஜீரோ தோன்றுகிறது. 2011இல் இத்தாலியில் நடந்த ஏலத்தில் 7,61,600 யூரோவுக்கு விலைபோனது.