முன்சில்லுக்கும் இழுவை

பழைய லொறிகளில் இஞ்சின் பின்சில்லைத்தான் சுழற்றும். சேற்றில் புதைஞ்சால் கதை முடிஞ்சுது. 1931இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் கம்பனி, 1935இல் ஃபோர்ட் லொறியின் முன் அச்சைக் கழற்றிவிட்டு இழுவையுள்ள அச்சொன்றைப் பூட்டியது.

சொல்ல லேசு. முன்சில்லு திரும்பவும் வேணும், அதேநேரம் சுழலவும் வேணும். நேர்த்தண்டு அதுக்குச் சரிவராது. வளைவிலும் ஒரே வேகத்தில் சுழற்றும் மூட்டு இல்லாட்டி ஸ்டியரிங் கையில துள்ளும். கியர்பெட்டிக்குப் பின்னால், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்க இன்னொரு பெட்டி.

ஃபோர்ட் தன் பிக்கப்பை ஆலையிலேயே நாலுசில்லு இழுவையாக்கியது 1959இல்தான்.

இண்டைக்கு அவற்றைப் புதுப்பிக்கிற சிலர், டிஸ்க் பிரேக் உள்ள பிந்திய அச்சை மாட்டுகினம். பாதுகாப்புத்தான், நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் கழற்றினதைப் பழைய இரும்புக்குப் போடாதேங்கோ என்கிறோம். லொறியின் முகத்தில் ஃபோர்ட் பெயர் நிற்கும். மாற்றினவர்களின் வேலை கிடக்கிறது அந்த அச்சில்.