டப்பா பாலும் ஒரு டாக்டர் அம்மாவும்

இந்த இதழில் பழைய வங்கிக் கதை எதுவும் இல்லை. காரணம் நான் செய்த ஒரு தப்பு.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் நம் பார்க் பெஞ்சில் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பால் புட்டியை எடுத்தார். "தாய்ப்பால் கொடுக்கலியாம்மா?" என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டது நான்தான். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "1988ல நம்ம பெரியவனுக்கு என்ன கொடுத்தோம்னு மறந்துபோச்சா?" என்றாள். மறக்கவில்லை. பிரசவ லீவு முடிந்து அவள் ஆபீசுக்குத் திரும்பினாள், பிள்ளைக்கு டப்பா பால்தான். அந்தக் காலி டப்பாக்களில் துவரம்பருப்பு போட்டு வைத்த வீடுதான் எங்களுடையது. உங்களில் பலர் வீடும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தேன். அதில் கிடைத்தவர்தான் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மா. 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை செய்தபோது, புரதக் குறைவால் குழந்தைகளுக்கு உடம்பு வீங்கும் நோயைப் பற்றி எழுதி, 'குவாஷியோர்கர்' என்ற உள்ளூர்ப் பெயரையே மருத்துவ உலகத்துக்குத் தந்தவர். பிறகு மலாயாவுக்கு மாற்றலானார்.

அங்கே அவர் கண்டது இனிப்பு சேர்த்த கண்டென்ஸ்டு மில்க். கெட்டியாக, சர்க்கரை நிறைந்து இருக்கும். டீக்குப் பிரமாதம், கைக்குழந்தைக்கு விஷம் போல. கொழுப்பு நீக்கிய வகையில் வைட்டமின் ஏ, டி சத்துகள் இருக்காது. இங்கிலாந்தில் அந்த வகை டப்பா மேல் 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று போட வேண்டும் என்று 1923 முதலே விதி. மலாயாவிலோ நர்ஸ் போல உடுத்திய விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மார்களிடம் இதை உயர்ந்த உணவு என்று சொன்னார்கள். குழந்தை மார்பில் குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். சில நாள் புட்டிக்கு மாறினால் வற்றிவிடும். அப்புறம் டப்பா வாங்காமல் முடியாது. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடக் கெட்டிக்கார வியாபாரம் நான் கேள்விப்பட்டதில்லை. கூலிக்காரக் குடும்பத்தில் ஒரு டப்பாவை நீட்டிக்கத் தண்ணீரை அதிகம் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தம் இருக்காது. பேதியிலும் ஊட்டக்குறைவிலும் குழந்தைகள் போயின.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தார்கள். 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தார் அந்த அம்மா. இப்படிப் பொய்ப் பிரசாரம் செய்து குழந்தைகளைச் சாகவிடுவதைக் குற்றமாகவே தண்டிக்க வேண்டும் என்று வியாபாரிகள் நிறைந்த சபையிலேயே சொன்னார்.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்கு வந்தது. அவரைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அரைப்பட்டினிதான். அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதுக்கும் தாய்ப்பால் கொடுத்தார்கள், இருபதும் பிழைத்தன என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த வரியைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

உலகம் காது கொடுத்துக் கேட்க நாற்பது வருஷம் ஆனது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் போராட்டம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார சபை தாய்ப்பால் மாற்று உணவு விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தது. 118 நாடுகள் ஆதரவு, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். நம் நாட்டில் 1992 சட்டம் குழந்தைப் பால் பவுடர் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடை செய்தது. டப்பா மேல் குழந்தை படம் கூடாது என்பதும் அதில்தான் வந்தது.

இன்றைய பவுடர் அந்தக் கண்டென்ஸ்டு மில்க் இல்லை. அளவாகச் சத்து சேர்த்து, கட்டுப்பாட்டோடு தயாராகிறது. நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர், டப்பாவில் போட்டிருக்கும் அளவு, கழுவிக் கொதிக்க வைத்த புட்டி, இவை இருந்தால் குழந்தை வளரும். ஆனால் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களைத் தொழிற்சாலையில் செய்ய முடியவில்லை. அதனால்தான் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள் டாக்டர்கள். பால் போதாதவர்கள், சில மருந்து சாப்பிடுகிறவர்கள், தாயை இழந்த குழந்தைகள், இவர்களுக்கு டப்பாதான் உயிர்.

கணக்கு ஒன்று பாருங்கள். 1961 சட்டப்படி பிரசவ லீவு 12 வாரம். 26 வாரம் ஆனது 2017இல்தான். நடுவில் 56 வருஷம். அந்தக் காலத்தில் வேலைக்குப் போன பெண்களிடம் "ஏன் புட்டி?" என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? லீவு கொடுத்தவர்களை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு சாயங்காலம் பார்க்கில் காத்திருந்தேன், வரவில்லை. அம்மா, இதைப் படித்தால், மறுபடியும் வந்து உட்காருங்கள். பெஞ்சில் இடம் விட்டு வைத்திருக்கிறோம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.