தேயிலைக்கு முதலிட்டவர் யார்?

புதிய தொழில் நுட்பம் தோன்றுவது அரசாங்கப் பணத்தாலா, தனியார் முதலாலா என்னும் வினா அறிஞரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலை வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விடை தருகின்றது.

இம்மலையில் தேயிலை தழைத்தமைக்கு 1929 இல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸலே காரணம் என்பர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து அவர் காட்டைத் திருத்தியது உண்மையே. ஆயின், அதற்கு முன் நடந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். 1885 இல் இம்மலையை ஆராய்ந்த வில்லியம் கேமரன், அரசாங்க நில அளவையாளர். 1925 இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின், அரசாங்கம் தானா ராத்தாவில் வேளாண்மைச் சோதனை நிலையம் அமைத்தது. இம்மண்ணில் தேயிலை வளரும் என்பதை அந்நிலையம் பயிரிட்டுக் காட்டியது. தாப்பாவிலிருந்து மலையேறிய சாலையும் அரசாங்கச் செலவில் அமைந்ததே.

இம்முறை புதிதன்று. இந்தியாவில் 1834 இல் பெண்டிங் பிரபு தேயிலைக் குழுவை நியமித்தார். அஸ்ஸாமில் அரசாங்கச் சோதனைத் தோட்டங்கள் பயன் தரும் எனத் தெளிந்த பின்னரே, 1840 இல் அவற்றுள் மூன்றில் இரு பங்கு அஸ்ஸாம் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு வாடகையும் இல்லை. தொடக்கச் சோதனையின் செலவை அரசாங்கம் தாங்கிற்று. பின்னர் வந்த இலாபம் கம்பெனிக்கு வாய்த்தது.

எனினும், தனியாரின் பங்கைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. 1877 இல் 'சிராக்கோ' உலர்த்தும் பொறியை உருவாக்கிய சாமுவேல் டேவிட்சன், காச்சாரில் தோட்டம் நடத்தியவர். 1930 அளவில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் பொறியைக் கண்ட வில்லியம் மெக்கெர்ச்சர், அஸ்ஸாமில் ஒரு தோட்டத்தின் மேலாளர். ஆலையின் குறையை அறிந்தவர்களே அதற்கு வழியும் கண்டனர். பொறி நன்கு இயங்கினால் இலாபம் விரைவில் வரும். ஆதலின் தனியார் துணிந்தனர். நில அளவையும் பயிராய்வுமோ பல்லாண்டு பொறுத்தே பயன் தரும். அப்பயனும் ஒருவர் கைக்குள் அடங்காது. ஆதலின் அவற்றுக்குப் பொதுப்பணம் வேண்டியதாயிற்று.

இலங்கை இவ்விரண்டையும் இணைத்தது. அங்கே 1925 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஏற்றுமதித் தேயிலை மீது விதித்த தீர்வையால் நடந்தது.

இனி, அரசாங்கப் பணம் என்பது யாருடைய பணம்? 1920 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய மலாய் நாடுகளின் கருவூலத்தை நிரப்பியவற்றுள் ஈயமும் ரப்பரும் தலையாயவை. ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. பின்னர்க் கேமரன் மலையில் கொழுந்து பறித்தோருள்ளும் தமிழர் பலர். சோதனை நிலையத்துக்கும் சாலைக்கும் சென்ற பணத்தில் அவர்தம் வியர்வையும் கலந்திருந்தது. ஆகவே தோட்டத் தொழிலாளர் கூலிக்கு உழைத்தவர் மட்டுமல்லர். இத்தொழிலுக்கு முதலிட்டவரும் ஆவர். தேயிலையின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லுமிடத்து, துரைமார் பெயரோடும் அரசாங்கத்தார் பெயரோடும் இவ்வுண்மையையும் சேர்த்துச் சொல்லுதல் கடமையாகும்.